இன்ஜினியர் மாப்பிள்ளை

பதினொரு ஐரோப்பிய நாடுகளில் படிப்பையும் வேலையையும் மக்கள் எப்படி மதிக்கிறார்கள் என்று நானூறு பக்கம் எழுதி டாக்டர் பட்டம் வாங்கியவள் லியோனோர். கைத்தொழில் என்றால் முகம் சுளிப்பது தன் போர்ச்சுகல்காரர்களின் வியாதி என்று ஓர் அத்தியாயம் முழுக்கத் திட்டியிருந்தாள். அவளேதான், ஜெர்மனியில் லைப்சிக் நகரில் டைல்ஸ் ஒட்டும் ஹென்னிங்கை, கொயிம்பிராவில் இருக்கும் அம்மாவிடம் இன்ஜினியர் என்று சொல்லி வைத்திருந்தாள்.

அது அவனுக்குத் தெரியாது. முறையாகப் பெண் கேட்க வேண்டும் என்று ஆறு மாதம் போர்ச்சுகீஸ் படித்துவிட்டு வந்து அவள் அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தான்.

"இன்ஜினியர் சார், இன்னும் கொஞ்சம் மீன் போட்டுக்குங்க," என்றாள் அம்மா லூர்திஸ். "நீங்க கட்டுறது பாலமா, அணையா?"

ஹென்னிங்கின் முள்கரண்டி பாதியில் நின்றது.

"யாரைச் சொல்றாங்க?" என்று ஜெர்மனில் கேட்டான்.

"சாப்பிடு, ஆறிடப் போகுது."

"லியோ."

சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் காது சிவந்தது.

"என் வேலை உனக்கு அவ்வளவு அவமானமா?"

கைத்துணியை மடித்து வைத்தான். போய்விடுவான், இந்தக் கல்யாணம் இதோடு சரி என்று பயந்து அவன் சட்டைக் கையைப் பற்றினாள்.

"எழுந்து போயிடாதே, ப்ளீஸ்."

"போக எனக்கு யோக்கியதை இல்ல," என்றான் தட்டைப் பார்த்தபடி. "எங்க அம்மாகிட்ட உன்னை பேக்கரியில வேலைன்னு சொல்லியிருக்கேன்."

"என்னது? சனிக்கிழமை மட்டும்தானே அங்க ரொட்டி விக்கிறேன்! நான் டாக்டர்!"

"முப்பத்திமூணு வயசுல, யுனிவர்சிட்டியில ஒப்பந்த வேலை, ஜூனுக்கு மேல இருக்குமான்னே தெரியாத பொண்ணுன்னா பயந்துடுவாங்க. பேக்கரின்னதும், 'அப்பாடா, கையில ஒரு தொழில் இருக்கே'ன்னாங்க."

லியோனோருக்குக் கோபம் பொங்கியது. ரொட்டிக் கடைப் பெண்ணாம்! பொங்கிய வேகத்தில், தான் திட்டி எழுதிய அத்தியாயத்துக்குள் தானே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. 'இளைய தலைமுறையிடம் இம்மனப்பான்மை மறைந்து வருகிறது' என்று வேறு முடித்திருந்தாள்.

"என்னடி குசுகுசுன்னு?" என்றாள் லூர்திஸ்.

"அம்மா, இவர் இன்ஜினியர் இல்ல. டைல்ஸ் ஒட்டுற மேஸ்திரி. நான்தான் பொய் சொன்னேன்."

லூர்திஸ் மெல்லத் தண்ணீர் குடித்தாள்.

"நிரந்தர வேலையா?"

"சொந்தத் தொழில்மா. மூணு பேர் இவர்கிட்ட வேலை பார்க்கிறாங்க."

"உனக்கு?"

"ஜூன் வரைக்கும்."

லூர்திஸ் எழுந்து, இருந்ததிலேயே பெரிய துண்டு மீனை ஹென்னிங்கின் தட்டில் வைத்தாள். "இவளைக் கட்டிக்கணும்னுதானே வந்தீங்க? தைரியசாலிதான். ஆனா எதிர்வீட்டு ஒடீலியாகிட்ட மட்டும் இன்ஜினியராவே இருங்க, என் மானத்தைக் காப்பாத்துங்க."

ஹென்னிங் சிரித்துவிட்டான். மேஜைக்கடியில் லியோனோரின் கையைப் பிடித்தான்.

"அடுத்த வாரம் எங்க அம்மா வீடு. நானும் உண்மையைச் சொல்லிடறேன்."

லியோனோர் யோசித்தாள்.

"ஜூன் முடியட்டும்," என்றாள். "அவங்களுக்கு எந்த ரொட்டி பிடிக்கும்?"