பிரிக்காத டக்கு

ஜெராக்ஸ் பிரபா என்று எனக்கு ஒரு பேர் உண்டு. மாமல்லபுரத்தில் ராஜம் மேடத்தின் தையல் கூடத்தில் வைத்த பேர். வெள்ளைக்காரர்களுக்குத் துண்டுத் துணிகளை ஒட்டுப் போட்டுப் போர்வை தைத்து விற்கிற இடம் அது. மேடம் அதைக் குவில்ட் என்பார். நாங்கள் ஒட்டுப் போர்வை என்போம். மேடத்தின் மேஜையில் ஒரு வெளிநாட்டுப் புத்தகம் இருக்கும். நட்சத்திரம், வீடு, வளையம் என்று பக்கத்துக்குப் பக்கம் படம். மற்ற பெண்களுக்கு அட்டையில் வெட்டிக் காட்ட வேண்டும். எனக்குப் படத்தைக் காட்டினால் போதும், அதே நட்சத்திரம் அதே முனையோடு என் மெஷினிலிருந்து இறங்கும். பட்டப் பேரில் எனக்கு வருத்தமே இல்லை. பெருமையாகத்தான் இருந்தது, ஒரு வெள்ளைக்காரம்மா வந்து கெடுக்கிற வரைக்கும்.

அந்தம்மா என் நட்சத்திரப் போர்வையைத் தடவிப் பார்த்தார். மேடத்திடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். வெறுங்கையோடு கிளம்பிப் போய்விட்டார்.

“இன்னா மேடம் சொல்லிட்டுப் போறாங்க?” என்று கேட்டேன்.

“அவங்க சித்தி இதே மாதிரி தைப்பாங்களாம். வீடு முழுக்க இதான் கிடக்காம்.” மேடம் போர்வையை மடித்தார். “அவங்க ஊர்ல இருக்கறதையே நாம அவங்களுக்குத் தைச்சு வித்துட்டு இருக்கோம் பிரபா. நீயா ஒண்ணு தையேன். புத்தகத்தைப் பாக்காம.”

“இன்னா தைக்கிறது?”

“அதை நான் சொன்னா என்னுது ஆயிடுமே.”

சொல்வது சுலபம். நான் ஒரு கோலம் தைத்தேன். தைத்து முடித்தபிறகுதான் அது எங்கள் அம்மா மார்கழியில் போடுகிற கோலம் என்று தெரிந்தது. கடற்கரைக் கோயிலைத் தைத்தேன். அது வெளியே தொங்குகிற எல்லாச் சாவிக்கொத்திலும் இருக்கிறது. மயில் ஒன்று தைத்தேன். பக்கத்து மெஷின் ஜெஸ்ஸி எட்டிப் பார்த்து, வாத்தா என்று கேட்டாள். அன்றைக்கு பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வரைக்கும் அவளோடு நான் பேசவில்லை. கோபம் அவள் மேல் இல்லை. இத்தனை வருஷம் தைத்த கைக்குச் சொந்தமாக ஒரு கோடு போடத் தெரியவில்லையே என்று என் மேலேயே எரிச்சல்.

அந்தச் சமயத்தில்தான் வேண்டா அண்ணிக்குக் கல்யாணம் நிச்சயமானது.

அண்ணி என் வீட்டுக்காரர் கலையரசனின் அக்கா. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் எங்கள் பக்கத்தில் இந்தப் பேர் வைப்பார்கள். இனிமேல் பெண் வேண்டாம் என்று சாமிக்குத் தெரியப்படுத்துகிற பேர். சாமிக்கும் காது கேட்டிருக்கிறது, அடுத்துப் பிறந்தவர் என் வீட்டுக்காரர். மூத்தவள் தனகோடிக்கும் அடுத்தவள் கண்ணகிக்கும் கல்யாணம் செய்து முடித்தார்கள். வேண்டாவுக்குப் பார்க்கும்போது மாமனார் படுத்துவிட்டார். அப்புறம் தம்பி கல்யாணம், அப்புறம் மாமியார் சாவு, அப்புறம் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. செங்கல்பட்டில் ஒரு பாத்திரக் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டு எங்கள் வீட்டிலேயே இருந்தாள். நான் மெஷினில் உட்கார்ந்தால் உலையை அவள் பார்த்துக்கொள்வாள். என் பிள்ளைக்கு என்னைவிட அவள் கை சோறுதான் இறங்கும். எனக்குக் கூடப் பிறந்த அக்கா இல்லை, அந்தக் குறையே அவளால் தெரியவில்லை.

ரயில்வேயில் வேலை பார்க்கிற செல்வராஜ் பாத்திரம் வாங்க வந்தவர். மனைவி இறந்து பல வருஷமாகத் தனியாக இருக்கிறவர். ஒரு குக்கருக்கு மூடி மாற்ற ஒருவர் எத்தனை தடவை கடைக்கு வருவார்? ஆள் நல்ல உயரம். பெண் கேட்டு வந்த அன்றைக்கு எங்கள் வீட்டு நிலையில் தலையை இடித்துக்கொண்டார். அண்ணி உள்ளே திரும்பி நின்று சிரித்தாள். அவள் சிரித்து நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

கல்யாணத்துக்கு என் கையால் ஒரு போர்வை கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன். துணி தேடிப் பரணில் ஏறினபோது மாமியார் கட்டிவைத்த மூட்டை ஒன்று கிடைத்தது. உள்ளே சின்னப் பெண்களின் சீட்டிப் பாவாடைகள். வெளுத்து, மெத்து மெத்தென்று ஆகியிருந்தன. ஒவ்வொன்றிலும் கீழ்ப்பக்கம் படிப்படியாக அடர்த்தியான கோடுகள். வெளுத்த ரோஜா நிறத்துக்கு நடுவில் பளிச்சென்று ஒரு ரோஜாக் கோடு, வெளுத்த பச்சைக்கு நடுவில் புத்தம்புதுப் பச்சை. வளர்கிற பெண்ணுக்குப் பாவாடை தைக்கும்போது மடிப்பு மடிப்பாக டக்கு பிடிப்போம். பெண் உயர உயர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவோம். மடிப்புக்குள் வெயில் படாமல் இருந்த துணி அப்படியே நிறம் மாறாமல் வெளியே வரும். எத்தனையோ தடவை பார்த்த கோடுதான். அன்றைக்குப் பரணில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் அதையே தைத்தால் என்ன என்று தோன்றியது.

புத்தகம் வேண்டியிருக்கவில்லை. கை தானாகப் போயிற்று. கோடுகள் ஒன்றுக்கு ஒன்று நேராக வராமல், ஒன்று ஏறி ஒன்று இறங்கி ஓடுகிற மாதிரி வெட்டி ஒட்டினேன். கூடத்துக்கு எடுத்துப்போய் விரித்ததும் ஜெஸ்ஸி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். இந்தத் தடவை வாத்தா என்று கேட்கவில்லை.

ராஜம் மேடம் ரொம்ப நேரம் பார்த்தார். “இப்பதான் நீ தைச்சிருக்க பிரபா. இதை வாசல்ல மாட்டட்டுமா?”

“இது எங்க அண்ணி கல்யாணத்துக்கு மேடம். வேற தைச்சுத் தரேன்.”

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். அண்ணி கடையிலிருந்து வந்து முகம் கழுவினதும் அவள் கையில் கொடுத்தேன். பிரித்துக் கட்டிலில் விரித்தாள். சிரித்த முகமாகத்தான் விரித்தாள். ரோஜாக் கோட்டின் மேல் விரல் வைத்தாள். பச்சைக் கோட்டின் மேல் வைத்தாள். அப்புறம் அவள் முகம் எங்கேயோ போய்விட்டது.

“கல்யாணத்துக்குமா பிரபா?” என்றாள்.

அவ்வளவுதான். முனைக்கு முனை சரியாக மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டாம். வீட்டுக்காரர் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வருவதற்குள் பிடித்துக்கொண்டேன். “இன்னா ஆளு உங்க அக்கா? கண்ணு போவ தைச்சு எட்த்தாந்தா, மூஞ்சியத் தூக்கி வச்சிகினு திருப்பிக் குடுக்குது.”

அவர் போர்வையைப் பார்த்தார். சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “இது எல்லாம் அது போட்டுகினு இருந்த பாவாட. தீவாளிக்கு எனக்குப் புதுசு எடுப்பாங்க. பெரியக்காவுக்குப் புதுசு எடுப்பாங்க. அதுக்கு எட்த்து நான் பாத்ததில்ல.”

கோபம் இறங்கின பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணி கிணற்றடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கட்டுக் கீரையை நானும் எடுத்துக்கொண்டேன்.

“கோவமா அண்ணி?”

“கோவம் இன்னா? நல்லாத்தான் கீது. கோட்ட எல்லாம் அழகா வெட்டிப் போட்டுகீற.” தண்டைக் கிள்ளிப் போட்டாள். “தனகோடிக்குத் தைக்கும்போது அம்மா வரிசையா டக்கு பிடிக்கும். அவ வளர வளர ஒண்ணு பிரிக்கும். அப்பால கண்ணகிக்கு வரும், மீதியப் பிரிக்கும். எனக்கு வரும்போது பிரிக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. கோடுதான் இருக்கும். நான் வளந்தா கால் தெரியும். ஸ்கூல்ல பாக்கப் போறாங்கன்னு இடுப்புல எறக்கி எறக்கிக் கட்டுவேன்.”

நான் கிள்ளின தண்டையே திரும்பத் திரும்பக் கிள்ளினேன்.

“புதுத்துணிக்கு மஞ்சள் வச்சுத் தருவாங்க இல்ல, அது தனகோடிக்கும் கலைக்கும்தான். பழசுக்கு எவன் மஞ்சள் வைப்பான்? இப்ப நானே சம்பாரிச்சு நானே எட்த்து நானே மஞ்சள் வச்சுக்கிறேன். அதுல ஒண்ணும் கொறையில்ல.” கீரையை உதறிவிட்டு, “யாராச்சும் எனக்குன்னு எட்த்துத் தரணும்னு ஒரு ஆச. கய்த வயசுல இன்னா ஆசைன்னு நீ சிரிப்ப” என்றாள்.

சிரிக்கவில்லை. அழுதேன். கீரையில் மண் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டு அழுதேன்.

கல்யாணத்துக்கு இருந்த நாட்கள் கொஞ்சம். செங்கல்பட்டு பஜாரில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கி, அடர் நீலத்தில் கைத்தறித் துணி எடுத்தேன். யார் மேலும் படாத துணி, கடைக்காரர் என் கண் முன்னால் கட்டுப் பிரித்து வெட்டினது. மேலுக்கு நீலம், அடிக்கு மெல்லிய வெள்ளை, இரண்டே அடுக்கு. எங்கள் ஊர் வெயிலுக்கு அது போதும். கூடத்தில் சாப்பாட்டு நேரத்திலும், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் பஸ்ஸிலும், ஊசி நூலோடு இரண்டு அடுக்கையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டேன். பக்கத்து சீட்டில் ஜெஸ்ஸி நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

கால் பக்கத்தில் வரிசையாக டக்கு பிடித்தேன். பிடிக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. பிரித்தால் அதே நீலம்தானே வெளியே வரும்? மடிப்பைத் திறந்து, உள்ளே வருகிற இடத்தில் வேறு நிறம் வைத்துத் தைத்தேன். ஒன்றுக்குள் அரக்கு, ஒன்றுக்குள் மாம்பழ மஞ்சள், ஒன்றுக்குள் கிளிப்பச்சை. ஒரு மடிப்பு அகலம், ஒன்று ஒல்லி. மூடிவிட்டால் வெளியே துளி தெரியாது. டக்குத் தையலை மட்டும் நீள நீளமாகப் போட்டேன், நகத்தால் இழுத்தாலே வரும். இப்படி ஒன்றை நான் எங்கேயும் பார்த்ததில்லை. என் அம்மா கையும் அதில் இல்லை, புத்தகமும் இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஆனால் அதைவிடப் பயம் அதிகம். இன்னொரு தடவை மடித்து என் கையில் கொடுத்துவிட்டால் அவள் கல்யாணத்தில் நான் எந்த முகத்தோடு நிற்பது?

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, பந்தல்காரர்கள் வருவதற்கு முன்னால் கொடுத்தேன். அண்ணி விரித்தாள். புதுத்துணி வாசனை வந்தது. நீலத்தைத் தடவிக்கொண்டே கால் பக்கம் போனவள் மடிப்பில் கை பட்டதும் நின்றாள். அடுத்த மடிப்புக்குப் போனாள். அதற்கு அடுத்ததற்கும் போனாள்.

“எல்லாம் பிடிச்சபடியே கீது,” என்றாள்.

“ஆமா அண்ணி. இன்னும் யாரும் பிரிக்கல.”

“உள்ள வேற எதுனா வச்சிருக்கியா? கனமா கீது.”

“அத நான் சொல்ல மாட்டேன். உனக்கு எப்ப தோணுதோ அப்ப நீ பிரி. வேற யாரும் கை வைக்கக் கூடாது.”

எழுந்து உள்ளே போனாள். நான் அங்கேயே நின்றேன். பின்கட்டில் டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் விரல் நுனியில் குழைத்த மஞ்சள் இருந்தது. என் முன்னால் நீட்டினாள்.

“நீ வச்சுக் குடு,” என்றாள்.

போர்வையின் ஒரு முனையில் மஞ்சள் வைத்தேன். அவள் அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பந்தல்காரர் வந்து மூங்கில் எங்கே போடுவது என்று கேட்டதற்கு நான் மஞ்சள் விரலைத்தான் நீட்டிக் காட்டினேன்.

அதற்கப்புறம் அதே மாதிரி ஒன்று சிவப்பில் தைத்து மேடத்திடம் கொடுத்தேன். வாசலில் மாட்டின வாரமே போய்விட்டது. அடுத்தது கேட்டு ஆள் வந்தது. ஒவ்வொரு போர்வைக்கும் பேர் எழுதி அட்டை கட்டுவது மேடத்தின் வழக்கம். இதற்கு என்ன பேர் என்றார். நான் அண்ணியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

“என் பேரா?” அண்ணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “வேணாம்னு எழுதிக் கட்னா எவன் வாங்குவான்? உனுக்கு யாவாரம் பண்ணவே தெரியல.”

“வைக்கட்டா, வேணாமா?”

“வச்சுத் தொல.”

போன வருஷம் ஆடி அமாவாசை கழித்து அவளும் அவரும் மாமல்லபுரம் வந்தார்கள். கடல் பார்த்துவிட்டு நேராகக் கூடத்துக்கு வந்துவிட்டாள். செல்வராஜ் அண்ணன் வாசலில் பார்த்துக் குனிந்து நுழைந்தார். வந்ததும் என்னிடம் புகார். “பாரும்மா, போர்வ எனக்குப் பத்தல, கால் வெளிய நீட்டிகினு கீது. இன்னொரு டக்கு பிரின்னா பிரிக்க மாட்டேங்குறா.”

“நீட்டிகினே இருக்கட்டும்,” என்றாள் அண்ணி. பிறகு என் பக்கம் சாய்ந்து, மெதுவாக, “பொங்கலுக்கு ஒண்ணு பிரிச்சேன். அரக்கு,” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் கண் பளபளத்தது.

ஜெஸ்ஸி டீ வாங்கிவந்து கொடுத்தாள். உள்ளே போன் அடித்தது. புதுச்சேரியில் இருக்கிற கடைக்காரர் என்று மேடம் பேசுவதிலேயே தெரிந்தது. பேசிக்கொண்டே, போனைக் கையால் பொத்திக்கொண்டு, எங்களுக்குக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

“பிரபா, வேண்டா எப்போ ரெடியாகும்? அனுப்பினது எல்லாம் போயிடுச்சாம். இன்னும் வேண்டா வேணுமாம்.”

அண்ணி டீயை வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. கிளாஸைக் கீழே வைத்தாள். செல்வராஜ் அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இன்னொரு தபா சொல்லச் சொல்லு,” என்றாள்.

நான் கதவருகே போய், சரியாகக் கேட்கவில்லை மேடம் என்றேன். எங்களுக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, மேடம் இந்தத் தடவை தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.