எப்போது ஏற்றுவது

மூன்றாவது தடவையும் பரஸ்கிவா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டாள்.

“இன்னும் போகலடி,” என்றாள், கண்ணைத் திறக்காமலே. “என்ன அவசரம் உனக்கு? எங்கயாவது ரயிலப் புடிக்கணுமா?”

ரோடிகா புகையைக் கையால் விலக்கிவிட்டு, வர்த்தியை மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா சிரிக்கிறாளா, கோபப்படுகிறாளா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. காலையிலிருந்து எதையுமே சொல்ல முடியவில்லை. மூச்சு நின்றதுபோல் இருக்கும். வர்த்தியை ஏற்றி அம்மா கையில் வைப்பாள். உடனே அம்மா விழித்துக்கொள்வாள்.

சீரெத் ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊரில் யாரும் கையில் வெளிச்சம் இல்லாமல் சாகக் கூடாது. இருட்டில் போகிறவர்கள் அந்தப் பக்கம் போய் வழி தெரியாமல் நிற்பார்கள் என்று ரோடிகாவுக்குச் சொல்லித் தந்ததே அம்மாதான். யார் வீட்டில் இழுத்துக்கொண்டிருந்தாலும் ஆள் வந்து பரஸ்கிவாவைத்தான் கூப்பிடும். அவளுக்கு நேரம் தெரியும். முந்தினால் விரட்டுவது மாதிரி, பிந்தினால் கைவிட்டது மாதிரி. “எப்படிம்மா தெரியுது?” என்று ரோடிகா ஒருமுறை கேட்டதற்கு, “ரொட்டி வெந்தது எப்படித் தெரியுது? அப்படித்தான்,” என்றாள். ரோடிகா சுடும் ரொட்டி இன்றுவரை ஒன்று கருகும், இல்லாவிட்டால் நடுவில் மாவாக இருக்கும்.

“கொஞ்சம் பால் குடிம்மா.”

“இன்னிக்கு வெள்ளி.”

“நோயாளிக்கு விரதம் இல்லைன்னு சாமியாரே சொல்லிட்டாரு.”

“அவரு நேத்துப் பொறந்த புள்ள. ஞானஸ்நானத்தப்ப அவரத் தூக்கி வச்சிருந்ததே நான்தான்.” மூச்சு வாங்கினாள். “உங்கப்பா சாப்பிட்டாரா?”

“ம்.”

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா பொய் சொல்லாத.”

அப்பா கிரிகோர் சமையலறையில் இருந்தார். சர்க்கரை ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர். அந்தக் காலத்துக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். கோயில் பக்கம் தலை காட்ட முடியாது. கைக்குழந்தையாக இருந்த ரோடிகாவை ஞானஸ்நானத்துக்காக அம்மா ரயிலேற்றிப் பெரியம்மா ஊருக்குக் கொண்டுபோனாள். அப்பாவுக்கு எதுவும் தெரியாது என்பதுதான் வீட்டில் சொல்லிக்கொள்ளும் கதை. டிக்கெட் எடுத்துக் கொடுத்தது அவர்தான். கட்சியின் ஆட்சி போய்க் காலம் மாறிய பிறகும் அவர் ஞாயிறுதோறும் அம்மாவோடு கோயில் வாசல்வரை நடந்துபோவார். பூசை முடியும்வரை வெளியிலேயே நிற்பார். பேத்தி பிறந்து, அவளுக்கு அம்மா ஜெபம் சொல்லிக்கொடுத்து, அந்தப் பேத்தியும் இத்தாலிக்கு வேலைக்குப் போனாள். அவர் வாசலிலேயே நின்றார்.

“உள்ள வந்தா கூரை இடிஞ்சி விழுந்துடுமா?” என்பாள் அம்மா.

“விழுந்தா உன் தலைலயும்ல விழும். அதுக்குத்தான் வரல.”

நடுப்பகலுக்குப் பிறகு மூச்சின் சத்தம் மாறியது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இடைவெளி. ரோடிகா வர்த்தியை எடுத்தாள். மேசையில் தீப்பெட்டி இல்லை. சமையலறைக்கு ஓடினாள். அடுப்பு மூட்டியிருக்கவில்லை. பாதி தோல் சீவிய உருளைக்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார்.

“தீப்பெட்டியப் பாத்தீங்களாப்பா?”

அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

“மூணு தரம் ஊதிட்டா. அவளுக்கு வேணாம்.”

“அம்மாவுக்கு வேணும்ப்பா. உங்களுக்குத்தான் வேணாம்.”

“நீ ஏத்த ஏத்த, போ போன்னு அவளத் தள்ளுற மாதிரி இருக்கு.”

“இருட்டுல போனாங்கன்னா?”

“நீ அத நம்புறியா?”

ரோடிகாவிடம் யாரும் இதுவரை அதைக் கேட்டதில்லை. அம்மா நம்பினாள், வீட்டுக்கு அது போதுமானதாக இருந்தது.

உள்ளே சத்தமில்லை. இருவருக்கும் ஒரே நேரத்தில் அது தெரிந்தது.

அப்பாதான் முதலில் போனார். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது பற்றியது. வர்த்தியை ஏற்றி அம்மாவின் விரல்களுக்குள் வைத்து, அவை பிடிக்காததால் தன் கையால் சுற்றி மூடிக்கொண்டார். ரோடிகா அம்மாவின் மார்பில் காது வைத்தாள். கேட்டது தன் இதயமா, அம்மாவுடையதா? நிமிர்ந்தபோது சுடர் ஒருமுறை சாய்ந்து எழுந்தது. அம்மாவின் மூச்சாக இருக்கலாம்; ஆனால் அப்பாவும் அவள் வாயருகில்தான் குனிந்திருந்தார். ஜன்னலும் சரியாகச் சாத்தியிருக்கவில்லை.

“அசைஞ்சுதா?” என்றார்.

அவள் பதில் சொல்வதற்குள் அடுத்த வீட்டு சம்பிரா வந்துவிட்டாள். வந்தவள் சிலுவை போட்டுக்கொண்டு, சாவு வீட்டு வழக்கப்படி ஜன்னலைத் திறந்து, முகம் பார்க்கும் கண்ணாடியின்மேல் துணியைப் போட்டாள். பிறகு கட்டிலருகே வந்து, கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

“வெளிச்சத்தோடதான போனா?”

ரோடிகா அப்பாவைப் பார்த்தாள். அவர் சம்பிராவைப் பார்க்கவில்லை, மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்ற மனிதரின் முகம் அல்ல அது.

“நீதான பாத்த,” என்றார்.

“ஆமாப்பா. அசைஞ்சுது.”

அம்மாவைக் குளிப்பாட்ட வெந்நீர் எடுத்துப்போனபோது கூடத்தில் மறித்து அவர் மறுபடி கேட்டார். சவப்பெட்டிக்குச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் ஆமா என்றாள். சொல்லச் சொல்ல, பார்த்தது எது, சொன்னது எது என்று அவளுக்கே பிரியாமல் போயிற்று.

பொழுது சாய்ந்ததும் சம்பிரா பீன்ஸ் சூப் கொண்டுவந்து வைத்தாள். வெண்ணெய் சேர்க்காமல் எண்ணெயில் செய்த விரதச் சூப்.

“கையக் கழுவிட்டு வாங்கண்ணே,” என்றாள்.

கிரிகோரின் வலது கை விரல்களில் மெழுகு வழிந்து இறுகியிருந்தது. அந்தக் கையை மடிமேல் அப்படியே வைத்துக்கொண்டு, இடது கையால் கரண்டியை எடுத்தார். சூப் கொஞ்சம் மேசையில் சிந்தியது. யாரும் துடைக்கவில்லை.