முப்பத்தெட்டுத் தோட்டங்களில் ஒரே நாய்

ஒரு பட்டனைத் தட்டினால் முப்பத்தெட்டுப் படிவமும் தானாக நிரம்புகிறது. இதை எழுதிய கைக்கு ஒரு ஜோடி வளையலாவது வாங்கிப் போட வேண்டாமா?

மெர்சி தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள். இதையெல்லாம் வெளியே யாரிடம் சொல்ல? செம்மேட்டில் இந்த மிளகு விவசாயிகள் சங்கத்து ஆபீசில் மேக்ரோ என்றால் என்னவென்று கேட்கக்கூட ஆளில்லை. இயற்கை விவசாயச் சான்றிதழுக்கான வேர்டு படிவத்தில் பெயர், நாடு என்கிற மலையூர்த் தொகுதி, ஊர், சர்வே எண் என்று கட்டம் கட்டமாகத் தட்டித் தட்டி விரல் மரத்துப் போனவள், மூன்று நாள் மல்லுக்கட்டி அந்த மேக்ரோவை எழுதியிருந்தாள். உறுப்பினர் பட்டியலைப் பார்த்து அதுவே எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிடும். அவளுடைய ஒப்பந்த வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்புக் கடிதம் செயலாளர் சுந்தரராஜன் மேஜையில், அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

பிரிண்டரிலிருந்து தாள்களை அள்ளிக்கொண்டு அவரே வந்தார்.

"ஏம்மா மெர்சி, நாச்சிமுத்து தோட்டத்துல செவலை நாய் குரைச்சுது, சரி. முப்பத்தெட்டுத் தோட்டத்துலயும் அதே நாயா? பஸ் ஏறிப் போய்க் குரைச்சுட்டு வருதா?"

மெர்சி நாக்கைக் கடித்துக்கொண்டாள். 'நேரில் கண்டவை' என்ற கடைசிக் கட்டம், ஒவ்வொரு தோட்டத்துக்கும் போய்ப் பார்த்து அவள் எழுத வேண்டியது. நாச்சிமுத்துவின் படிவத்தை வைத்துத்தான் மேக்ரோவை ஓட்டிப் பார்த்திருந்தாள். 'கொடிகள் செழிப்பு. ரசாயன உரம் இல்லை. செவலை நாய் குரைத்தது.' அது அப்படியே எல்லாப் படிவத்திலும் இறங்கிவிட்டது.

பட்டா நகல் கொடுக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த குண்டனி நாட்டுச் சின்னக்கண்ணு, தன் தாளைக் கேட்டு வாங்கி மெதுவாகப் படித்தார். முகம் சுருங்கிப்போனது.

"ஏனுங்கம்மணி, எங்க மிளகுக் காட்டுக்கு வந்திருந்தீங்களா?"

"அது வந்துங்க..."

"காட்டு வரைக்கும் வந்துட்டு ஊட்டுக்கு ஒரு எட்டு வராம போயிட்டீங்களே. நாங்க என்ன பண்ணிட்டோம்? ஒரு வாய் காப்பி குடிச்சிருக்கக் கூடாதுங்களா? எங்கூட்ல நாய்கூட இல்லீங்க, பூனைதான்."

சுந்தரராஜன் சிரித்துவிட்டார். மெர்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வரியை நேற்றே திரையில் பார்த்தது இப்போது ஞாபகம் வந்தது. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்ததும், குண்டனி நாட்டுப் பாதையின் அட்டைப் பூச்சிகளிடமிருந்து தப்பித்தோம் என்று மனதின் ஒரு மூலை துள்ளியதும்கூட. போகாத வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து மனத்தாங்கல் படுகிறார்.

"நான் வரலீங்க. மிஷின் தப்பா எழுதிடுச்சுங்க" என்றாள். அதுவும் முழு உண்மையில்லை என்று சொன்ன உடனே தெரிந்தது. "தப்பு என்னுதுதாங்க."

"அப்படீங்களா? நான் வேற மாதிரி நெனச்சுட்டேன்." அவர் முகம் தெளிந்தது. "அதனால என்னங்க, எழுதிப் போடுங்க கண்ணு. காடு எங்க ஓடிடப் போவுது?"

"அவரே சொல்லிட்டாரு" என்றார் சுந்தரராஜன். "நீ பாத்துட்டு வந்த இருபத்தோரு தோட்டத்துக்கும் உன் நோட்டைப் பாத்து அடிச்சுடு. பாக்காத பதினேழுக்கு நாயை மட்டும் எடுத்துட்டு மறுபடி ஓட்டு. கொடி செழிப்பு, உரம் இல்ல, போதும். அஞ்சு மணிக்குள்ள சான்றிதழ்காரங்களுக்குப் போயாகணும். உன் லெட்டரையும் எடுத்து வெச்சிருக்கேன், சேர்த்தே கையெழுத்துப் போட்டுடறேன்."

மெர்சி மேக்ரோவைத் திறந்தாள். படிவத்தின் அடியில் 'நேரில் பார்த்தவர்' என்ற இடத்தில் அவள் பெயரையும் அதுவேதான் நிரப்புகிறது. அதை எழுதிய நாளில் எத்தனை சந்தோஷம்! இரண்டு நிமிடம் தட்டினாள். பிறகு விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாயை எடுத்துட்டேங்க சார். மத்த ரெண்டு வரியையும், என் பேரையும் எடுத்துட்டேன். இனிமே அந்தக் கட்டம் காலியாத்தான் வரும்."

"காலியாவா? அப்ப பதினேழையும் கையாலயே அடிச்சுடு."

"போய்ப் பாத்துட்டு வந்து அடிக்கிறேங்க. இன்னிக்கு அடிக்க மாட்டேங்க சார்."