கொசுறுக்கும் சேர்த்துத் தபால் செலவு

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபத்திலிருந்து வந்தது. டொராண்டோவில் இருக்கும் வாசகர் ஒருவர் என் புத்தகம் வேண்டும் என்று கேட்டிருந்தார். தபால் செலவு இன்னது என்று எழுதினேன். "புத்தக விலையைவிட இது அதிகமாக இருக்கிறதே, நடுவில் யார் சாப்பிடுகிறார்கள்?" என்று பதில் வந்தது. நான் சாப்பிடுகிறேனாம். அந்தக் கடுப்போடு, 2008 மழைக்காலத்தில், கொச்சியில் மட்டாஞ்சேரி தபால் நிலையத்தில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து, பார்சலை மடியில் கிடத்தி, அதற்குத் துணி தைத்துக்கொண்டிருந்தாள்.

வெளிநாட்டுக்குப் போகும் பார்சலை வெள்ளைத் துணியில் பொதிந்து, தைத்து, தையல்மேல் அரக்கு வைத்துக் கொடுத்தால்தான் அந்தக் கவுண்டரில் வாங்குவார்கள். அவள் ஊசியைக் குத்தும்போதெல்லாம் யாரையோ திட்டினாள். தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடித்தாள். அவளுக்குக் கமலாக்ஷி என்று பெயர் வைத்திருக்கிறேன். (உண்மைப் பெயரை எழுதினால் என் வாயையும் சேர்த்துத் தைத்துவிடுவாள்.)

2.

முதல் தொடக்கம்: "மிளகு மணம் சுமந்த கடற்காற்று மட்டாஞ்சேரியின் பழைய தெருக்களில்…"

அடித்துவிட்டேன். மட்டாஞ்சேரி என்றாலே எழுதுகிற எங்கள் ஆட்களுக்கு மிளகு மணந்தாக வேண்டும். அங்கே சாக்கடையும்தான் மணக்கிறது, அதை யார் எழுதுவது?

இரண்டாம் தொடக்கம்: "கமலாக்ஷி ஏழைதான், ஆனால் நேர்மையான…"

இதையும் அடித்தேன். அந்த "ஆனால்" என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

மூன்றாவது, இருந்துவிட்டுப் போகட்டும்: கமலாக்ஷி பக்கத்துத் தோப்பும்படியில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கொச்சி நகரசபையில் வேலைக்குச் சேர்ந்தவர். அம்மா மட்டாஞ்சேரிச் சந்தையில் காய்கறி விற்றவள். ஓட்டல் மேலாளர் ஒருநாளும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "எடீ" என்பார். சட்டி சரியாகத் தேய்க்கவில்லை என்றால் அந்தச் சட்டியை அவள் காலடியில் எறிந்துவிட்டு "எடீ" என்பார். எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது. அந்த ஆளைக் கதைக்குள் கூப்பிட்டு நாலு அறை விடலாமா என்று யோசித்தேன். கமலாக்ஷிக்கு அது உதவாது என்பதால் விட்டுவிட்டேன்.

3.

அவளை அங்கிருந்து கிளப்பியவள் ரஜிதா. தெருமுனையில் பிரவுசிங் சென்டர் நடத்துபவள். ஊர் உலகத்துப் பழைய சாமான்களை ஏலத்தில் விற்கும் வலைத்தளம் ஒன்றை அவள்தான் காட்டினாள். மட்டாஞ்சேரி யூதத் தெருக் கடைகளில் வெள்ளைக்காரர்கள் பித்தளைக்கு அலைவதைக் கமலாக்ஷி சின்ன வயதிலிருந்தே பார்த்தவள். பழைய இரும்புக் கடைகளில் கிலோக் கணக்கில் கிடக்கும் சேவை நாழிகளை, அதாவது இடியாப்பம் பிழியும் பித்தளைக் குழல்களை, வாங்கி வந்தாள். புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று வந்தது. பாத்திரம் தேய்த்த கைதானே. ரஜிதா படம் பிடித்து, ஆங்கிலத்தில் விவரம் அடித்து, தளத்தில் ஏற்றினாள்.

(வாங்கியவர்களில் ஒருவர்கூட இடியாப்பம் பிழியவில்லை. ஒருவர் அதில் மெழுகுவத்தி செருகி வைத்திருந்தார். ஒருவர் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். படம் எடுத்து வேறு அனுப்பினார்கள். கமலாக்ஷி வயிறு குலுங்கச் சிரித்தாள். இந்தக் கதையில் அவள் சிரிப்பது இந்த ஒரு இடத்தில்தான், அதனால் எடுக்காமல் வைத்திருக்கிறேன்.)

ஓட்டலை விட்டாள். தளத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் "உரிமையாளர்" என்று போட்டிருந்தது. ரஜிதா அதைப் படித்துச் சொன்ன அன்று, இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

4.

இனி கொசுறு. இதை விளக்காமல் கதை நகராது.

கமலாக்ஷியின் அம்மா கத்தரிக்காய் நிறுத்துப் போட்ட பிறகு, தராசைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ இரண்டு பச்சை மிளகாயோ பையில் போடுவாள். கொசுறு போடாமல் அனுப்பினால் அடுத்த நாள் அந்த ஆள் வேறு கடைக்குப் போய்விடுவார் என்பது மட்டும் காரணமில்லை. கொசுறு போடாத வியாபாரம் வெறும் பிடுங்கல் என்று அந்த வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். கமலாக்ஷியும் நம்பினாள். ஓட்டை போட்ட ஒரு அச்சு வில்லையோடு நாழி என்று விளம்பரம் இருக்கும். அவள் உள்ளே நட்சத்திர வில்லை, ரிப்பன் வில்லை என்று வேறு வில்லைகளையும் போட்டுவிடுவாள். கனத்த பித்தளை. எல்லாவற்றையும் முதலிலேயே வைத்துக் கட்டி, தபால் நிலையத்தில் எடை பார்த்து, அந்த எடைக்கு என்ன கட்டணமோ அதைத்தான் ரஜிதாவிடம் சொல்வாள். ரஜிதா அதையே விளம்பரத்தில் தபால் செலவு என்று போடுவாள்.

பிழை எங்கே என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்தது. அவளுக்குத்தான் தெரியவில்லை. சந்தையில் கொசுறை வாங்கினவர் தன் பையில் தூக்கிக்கொண்டு போவார். இங்கே அது விமானத்தில் போனது, வாங்கினவர் செலவில்.

5.

ஹார்டிங் என்ற இங்கிலாந்துக்கார அம்மாள் தளத்தில் புகார் எழுதினாள்: "பொருளைவிடத் தபால் செலவு அதிகம். சீனாவிலிருந்து வாங்கினால் தபால் இலவசம். வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். கேட்காத இரும்புத் துண்டுகளை உள்ளே திணித்து எடையைக் கூட்டியிருக்கிறார். அழுக்குத் துணியில் பிணம் மாதிரிச் சுற்றி வந்தது. கொள்ளை."

இரும்பாம். அழுக்குத் துணியாம். கடையில் கிழித்து வாங்கின புது மல் துணி அது!

(இந்த இடத்தில் ஹார்டிங் அம்மாளுக்கு ஒரு பின்கதை எழுதிப் பார்த்தேன். ஓய்வூதியம், தனிமை, மூட்டுவலி, ஒரு பூனை. "அவளும் பாவம், குளிரில்…" என்று ஒரு வாக்கியம் பாதியில் நின்றது. நிற்கட்டும். நமக்கு வெள்ளைக்கார அம்மாளின் பூனைமேல் பரிதாபப்பட மட்டும் நன்றாக வரும். கமலாக்ஷிமேல் அவள் பரிதாபப்பட்டாளா?)

தளம் கமலாக்ஷிக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பியது. ஏற்கெனவே தபால் செலவுப் புகார்கள் சில இருந்தன. இந்தப் புகாரும் சேர்ந்துவிட்டால் கடையை மூடிவிடுவார்கள். ஹார்டிங் அம்மாள் புகாரைத் திரும்பப் பெறத் தயார்தான். அதற்கு இரண்டு நிபந்தனை வைத்தாள். தபால் செலவைத் திருப்பித் தர வேண்டும். "வேண்டுமென்றே கூடுதலாக வாங்கினேன்" என்று எல்லோரும் பார்க்கும்படி கமலாக்ஷி எழுத வேண்டும்.

6.

"காசு போனாப் போட்டும். அது சாரமில்ல" என்றாள் கமலாக்ஷி. "நான் ஏமாத்தினேன்னு நானே எழுதணுமா? அந்தப் பொம்பளைக்கு என்ன தைரியம்! வில்லையத் திருப்பி அனுப்பினாளா? இல்லல்லோ. அத வச்சுக்கிட்டுக் கொள்ளைங்கிறா."

"கமலேச்சி, தேஷ்யப்படாதீங்க, கோபம் வேண்டாம். இந்தத் தடவையும் நான் நல்லா எழுதிக்கொடுக்கறேன்" என்றாள் ரஜிதா.

அந்த "இந்தத் தடவையும்" கமலாக்ஷிக்கு உறுத்தியது. இதுவரை வந்த புகார்களுக்கெல்லாம் அவள் காரசாரமாகப் பதில் சொல்லியிருந்தாள். ரஜிதா தலையாட்டிக்கொண்டே அடித்திருந்தாள். அந்தப் பதில்களைத் திரையில் எடுக்கச் சொல்லி, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். அவளுக்கு மலையாளம் சரளமாகப் படிக்க வரும், தமிழ் தட்டுத்தடுமாறி வரும், ஆங்கிலம் எழுத்துக்கூட்டினால்தான் வரும். கூட்டினாள். எல்லாப் பதிலும் "சாரி" என்று ஆரம்பித்தது.

"என் பேர்ல நீ இத்தன மன்னிப்புக் கேட்டிருக்கியா?"

ரஜிதா எழுந்து நின்றாள். "சேச்சி, நீங்க சொன்னது அப்படியே அடிச்சிருந்தா கட எப்பவோ பூட்டியிருக்கும். இந்த சாரி வச்சுத்தான் நீங்க சோறு திங்கறது."

"ஓட்டல்ல 'எடீ'ன்னு விளிச்சான். அப்பக்கூட நான் மன்னிப்புக் கேட்டதில்ல மோளே. இங்க உலகம் முழுக்க என்னைக் குனிய வச்சிருக்கே."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்தக் கதையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். "கோபம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, குறைத்தால் வாசகருக்குக் கமலாக்ஷியைப் பிடிக்கும்" என்று ஆசிரியர் சொன்னார். ரஜிதாவும் அதைத்தானே செய்தாள்? நான் குறைக்கவில்லை. கதை திரும்பி வந்தது.)

7.

முடிவுகள்.

அ. ஹார்டிங் அம்மாளுக்குக் கொசுறு என்றால் என்னவென்று யாரோ விளக்குகிறார்கள். அவள் கண்கலங்கி, புகாரை எடுத்துவிட்டு, அந்த நட்சத்திர வில்லையில்… சீ. நான் எழுத மாட்டேன்.

ஆ. கமலாக்ஷி அவர்கள் கேட்டபடி எழுதுகிறாள். கடை பிழைக்கிறது. அன்றிலிருந்து எந்தப் பார்சலிலும் கொசுறு போடுவதில்லை. (இதுதான் நடக்கும் என்று என் நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அவரோடு நான் இப்போது பேசுவதில்லை.)

இ. உண்மையில் அன்று பிற்பகல் ரஜிதாவின் சென்டரில் நடந்தது. தபால் நிலைய வரிசையில் கமலாக்ஷி எனக்குச் சொன்னது இவ்வளவுதான்.

ஹார்டிங் அம்மாளின் புகாரை எழுத்துக்கூட்டி, எடையைப் பற்றிய வரியில் விரல் வைத்து நின்றாள். பிறகு ரஜிதாவை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். "நான் சொல்றத மட்டும் அடி. ஒரு வாக்குகூட மாத்தாதே."

ரஜிதா விரல்களைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

"வில்லைங்க கொசுறு. நான் என் இஷ்டத்துக்குப் போட்டது. அதோட எடைக்கும் உங்க கிட்ட வாங்கினது தப்பு, என் புத்திக்கு அது எட்டல. அந்தக் காச அனுப்பறேன். மீதி, பொட்டி பிளேன் ஏறி வந்த கூலி. அது என் கைக்கு வரல, தபாலாபீசுக்குப் போச்சு, அதத் தர மாட்டேன். வேணும்னு வாங்கினேன்னு எழுத மாட்டேன். நான் ஏமாத்தல. கொசுறத் திருப்பி அனுப்ப வேண்டாம். குடுத்தது குடுத்ததுதான்."

ரஜிதா அப்படியே அடித்தாள். எங்கும் சாரி இல்லை. அடித்து முடித்து நாற்காலியைத் திருப்பினாள்.

"சேச்சி, இது போனா நாளைக்கே கட போயிரும். திரும்ப ஓட்டலுக்குத்தான் போகணும். அனுப்பட்டா?"

கமலாக்ஷி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

8.

அவள் என்ன சொன்னாள் என்று வரிசையில் நின்றபடி நானும் கேட்டேன். ஊசியை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா இருந்தா என்ன செய்வீங்க சார்?" என்றாள். கையில் இருந்த பார்சல் மூடின கடையின் கடைசிப் பார்சலா, பிழைத்த கடையின் அடுத்த பார்சலா என்று நான் கேட்பதற்குள் கவுண்டரில் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அனுப்பு என்று எழுதத்தான் எனக்கு ஆசை. அவளை நிமிர்ந்து நிற்க வைத்து, உங்களைக் கைதட்ட வைத்து, டொராண்டோக்காரருக்கும் சேர்த்து ஒரு குட்டு வைத்திருப்பேன். எழுதிவிட்டு நான் போய்ச் சாயா குடிப்பேன்.

நீங்கள் சொல்லுங்கள், அனுப்பட்டுமா? அனுப்பு என்று உங்களுக்கும் வாய் வரை வந்திருக்கும். சொல்வதற்கு முன்னால் ஒன்று. நாளைக் காலையில் தோப்பும்படியில் அந்தச் சட்டிகளைத் தேய்க்கப் போவது நானும் இல்லை, நீங்களும் இல்லை.