வெர்லின் ஸ்ட்ரவுட், வயது 86

ஏப்ரன் முடிச்சை ரோண்டா பின்னாலிருந்து அவிழ்ப்பதற்குள் லவோன் அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிட்டாள். இது மூன்றாவது முறை.

“அம்மா, இன்னிக்கு ஒரு நாளாவது இதைக் கழட்டேன்.”

“ஷிப்ட் முடியட்டும்” என்றாள் லவோன், திரும்பாமலே.

கறுப்பு கவுன், அதற்கு மேல் விப்பிள்ஸ் உணவகத்தின் மஞ்சள் ஏப்ரன், காதில் செருகிய பென்சில். கணவர் வெர்லினைப் புதைத்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கல்லறையிலிருந்து நேராக வந்த அறுபது பேர் இப்போது அவள் பரிமாறுகிற மேஜைகளில் உட்கார்ந்து, எதுவும் நடக்காததுபோல மெனுவைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

சாவுச் சாப்பாட்டைச் சர்ச் கூடத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ரோண்டா சொல்லிப் பார்த்தாள். சர்ச் பெண்கள் ஆளுக்கொரு உருளைக்கிழங்குத் தட்டு கொண்டுவந்துவிடுவார்கள். லவோன் கேட்கவில்லை. வெர்லின் முப்பத்தாறு வருஷம் சமைத்த இடத்தை விட்டுவிட்டு, அவர் பெயரைச் சொல்லி ஆறிப்போன உருளைக்கிழங்கைத் தின்பதா என்று கேட்டாள்.

வெர்லின் இறந்தது புதன்கிழமை காலை ஏழு மணிக்கு. அன்று மதியமே விப்பிள்ஸ் வாசலில் ஒரு காகிதம் ஒட்டினார்கள்: இந்த ஞாயிற்றுக்கிழமையோடு மூடுகிறோம். ஒரு காலத்தில் ஒஹாயோவிலும் இந்தியானாவிலுமாக எழுபது விப்பிள்ஸ் இருந்தன. ஞாயிறு ஆராதனை முடிந்தால் வாசலில் வரிசை நிற்கும். பிறகு ஜனங்கள் காரைவிட்டு இறங்காமலே சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள். எழுபது இருபதாகி, இருபது ஆறாகி, இப்போது இதுவும் போகிறது. சரக்கு லாரி வியாழக்கிழமையே நின்றுவிட்டது.

ரோண்டாவுக்கு மறுநாள் மாலை, தான் வசிக்கிற டூஸானுக்கு விமானம். அம்மா புதன்கிழமையிலிருந்து அழவில்லை. அதுகூடப் பரவாயில்லை, உட்காரவே இல்லை. ஆஸ்பத்திரியில் நின்றாள், சர்ச்சில் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டு வருகிறவர்களுக்கு இடம் காட்டினாள். திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்து, புருஷனும் இல்லாமல் கடையும் இல்லாமல் இவள் எங்கே போய் நிற்பாள்? தான் கிளம்புவதற்குள் அம்மா ஒரே ஒரு தடவை உட்கார்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கிடையில் பத்திரிகைச் சமாசாரம் வேறு.

விப்பிள்ஸ் சமையலறையில் ஒரு பண்டம் தீர்ந்துபோனால் அதை “எண்பத்தாறு” என்பார்கள். சூப் எண்பத்தாறு என்றால் இனி சூப் ஆர்டர் எடுக்காதே என்று அர்த்தம். ஏன் எண்பத்தாறு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. புதன்கிழமை காலை லவோன் கடைக்குப் போன் செய்து, “வெர்லின் எண்பத்தாறு” என்று மட்டும் சொன்னாள். சமையல்காரன் டுவேனுக்குப் புரிந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுப் பின்கதவுக்கு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றானாம். அடுத்த போன் ஊர்ப் பத்திரிகைக்கு. அங்கேயும் அவள் அதையேதான் சொன்னாள். அங்கே போனை எடுத்த பெண்ணுக்கு விப்பிள்ஸ் பாஷை எப்படித் தெரியும்? இன்று சனிக்கிழமைக் காலைப் பத்திரிகையில் வந்துவிட்டது: வெர்லின் ஸ்ட்ரவுட், வயது 86.

வெர்லினுக்கு வயது எழுபத்தொன்று.

சர்ச் வாசலிலேயே கேலியை ஆரம்பித்துவிட்டார்கள். வெர்லினோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள் ஒருவரையொருவர் உற்றுப் பார்த்து, எண்பத்தாறு வயதுக்கு நன்றாகத்தான் இருக்கிறாய் என்று தோளில் தட்டிக்கொண்டார்கள். வெர்லினின் அண்ணன் ஆர்வில் பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார்.

“தம்பிக்கு எண்பத்தாறுன்னா எனக்கு எண்பத்தொன்பது. பார்த்தா தெரியுதா?”

“கேட்டா தெரியுது பெரியப்பா. நாலு தடவை கூப்பிட்டேன், காதுல விழல” என்றாள் ரோண்டா.

லவோனுக்குத்தான் பொறுக்கவில்லை. “ஒரே நாள்ல பதினஞ்சு வயசு ஏத்திட்டா. நான் என்ன கிழவனையா கட்டிக்கிட்டேன்?” என்று பாதிரியாரிடமே கேட்டாள். பாதிரியார் பைபிளால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

இப்போது கடைக்குள் அதே வேடிக்கை தொடர்ந்தது. சரக்கு வராததால் மெனுவிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. டுவேன் சமையலறை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கோழி வறுவல் எண்பத்தாறு என்றான். பத்து நிமிஷத்தில் பட்டாணி சூப் போயிற்று. ஆப்பிள் பை தீர்ந்தபோது கடை முழுவதும் ‘ஓ’ என்று குரல் எழுந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் லவோன் ஐந்தாறு மேஜைகளைச் சுற்றி வந்து, சூப் கேட்டவருக்குப் பேன்கேக்கும் கோழி கேட்டவருக்குப் பேன்கேக்கும் எழுதிக்கொண்டு போனாள். பை கேட்ட மேயரின் மனைவிக்கும் பேன்கேக்தான்.

“அவங்க வேண்டாம்னு சொன்னாங்களேம்மா?”

“வேற என்ன இருக்கு கண்ணு? சாப்பிடட்டும். கண்ணாடியைக் கழட்டிட்டா பை மாதிரிதான் தெரியும்.”

ஆர்வில் கவுன்டரில் தன் வழக்கமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார். சனிக்கிழமைதோறும் அவர் உட்காருகிற இடம். லவோன் சீட்டுப் புத்தகத்துடன் அவர் எதிரே வந்து நின்றாள்.

“எப்பவும் போலத்தான்” என்றார் ஆர்வில், பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல். “மஞ்சக்கரு உடைஞ்சா திருப்பி அனுப்பிருவேன்னு சொல்லு.”

லவோன் எழுதினாள். சீட்டைக் கிழித்து ஜன்னல் கம்பியில் குத்தினாள். குரல் கொடுத்தாள்.

“வெர்லின், ரெண்டு முட்டை, திருப்பிப் போட வேண்டாம். உங்கண்ணனுக்கு.”

முதலில் கவுன்டரில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு பின்வரிசை. ஒரு முள்கரண்டி மட்டும் தட்டில் தட்டுகிற சத்தம் கேட்டது, அதுவும் நின்றது. வெர்லின் அந்த அடுப்பைவிட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் டுவேனைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டதில்லை.

சொன்ன ஆர்டரைச் சமையல்காரன் திருப்பிச் சொல்ல வேண்டும். விப்பிள்ஸில் அது சட்டம். சொல்லாவிட்டால் ஆர்டர் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். டுவேன் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கரண்டியும் கையுமாக நின்றான்.

“ரெண்டு முட்டை, திருப்பிப் போட வேண்டாம்” என்றான் டுவேன். முட்டையை எடுத்துக்கொண்டே, “அண்ணனுக்கு” என்றான்.

லவோன் ஜன்னல் விளிம்பைப் பிடித்தாள். பிறகு சீட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் ரோண்டாவின் கையில் வைத்தாள்.

“நாலாம் நம்பர் மேஜை ஆர்டர் இன்னும் எடுக்கல.”

அவ்வளவுதான். ஏப்ரனோடு நடந்துபோய், ஓரத்திலிருந்த, இருவர் உட்காரும் சோபாவில் உட்கார்ந்தாள்.

ரோண்டா நாலாம் நம்பருக்கு ஓடினாள். மெனுவில் என்ன மிச்சம் என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் பேன்கேக் என்று எழுதினாள். எழுதியதைக் கம்பியில் குத்திவிட்டு, சத்தம் போட வெட்கப்பட்டு நின்றாள்.

“வாயைத் திறந்து சொல்லணும்” என்று சோபாவிலிருந்து குரல் வந்தது. “டூஸான்ல எல்லாம் கிசுகிசுன்னுதான் பேசுவாங்களா?”

கடை மறுபடியும் சிரித்தது. ரோண்டா கத்தினாள். டுவேன் திருப்பிச் சொன்னான்.

ஆர்விலின் முட்டை வந்தது. இரண்டில் ஒன்றின் மஞ்சள் கரு உடைந்து தட்டெல்லாம் ஓடியிருந்தது. அவர் அதைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். ரொட்டியால் துடைத்துத் துடைத்து முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்.

பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கி லவோனிடம் போனார். அவள் சுவரோரம் ஒட்டி உட்கார்ந்து ஏப்ரன் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில், வெர்லினுக்கென்று விட்டதுபோல, ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. ஆர்வில் அதைப் பார்த்துவிட்டு, கவுன்டருக்கே திரும்பிப் போய்த் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து, மேஜைகளுக்கு நடுவே நடக்கிற வழியில் போட்டு உட்கார்ந்தார்.

பாதி வழி அடைபட்டுவிட்டது. ரோண்டா ஆறு தட்டு பேன்கேக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் அவரைச் சுற்றிச் சுற்றிப் போய்வந்தாள்.