எந்தப் பக்கம் படிக்கறச்சே

வெங்கடராமனுக்கு வாரத்தில் மூன்று நாள் செம்பூரில் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். மாட்டுங்காவிலேயே பிறந்து, இங்கிலீஷில் படித்து வளர்ந்தவர். தமிழ் பேசுவாரே தவிர, எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். சர்க்கரையில் இப்போது கண்ணும் மங்கிவிட்டது. அதனால் மனைவி நாகலக்ஷ்மி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, லைப்ரரியில் எடுத்த நாவலை வாசித்துக் காட்டுவாள்.

முதல் வாரம் அவளும் கதைக்குள்தான் இருந்தாள். பிறகு வாய் மட்டும் வரிகளோடு போயிற்று. மனசு வேறெங்கோ கிளம்பிவிட்டது. குரல் தடுமாறாததால் அவருக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை, கதையில் வரும் தங்கை அண்ணனோடு ஏன் பேசுவதில்லை என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். எல்லாம் அவளே வாசித்தவை. ஒரு வரிகூடப் பார்த்ததாக ஞாபகமில்லை.

“படிக்கறச்சே எங்கே போயிடறே?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை.

காஸ் சிலிண்டர் நினைப்பு என்று சொல்லியிருக்கலாம். மூன்று வருஷமாக டயாலிசிஸுக்கு அலைந்த அலுப்பில் உண்மையே வந்துவிட்டது.

“நீங்க இல்லேன்னா, ஆத்துல உங்க ரூம்லேர்ந்து கட்டிலை எடுத்துட்டு, ஜன்னலோரமா ஒரு நாற்காலி போட்டுக்கலாம்னு நினைச்சிண்டிருந்தேன்.”

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

“எந்தப் பக்கம் படிக்கறச்சே?”

அவளால் அதைச் சொல்ல முடிந்தது. கல்யாண வீட்டில் சமையல்காரர் கோபித்துக்கொண்டு கரண்டியோடு கிளம்பும் இடம். அவர் சிரித்த சத்தத்தில்தான் அவள் திடுக்கிட்டுச் சுயநினைவுக்கு வந்திருந்தாள்.

“நீயும் கூடச் சிரிச்சியே,” என்றார்.

“ஆமாம்.”

செவ்வாய்க்கிழமை புத்தகம் வேண்டாம் என்றுவிட்டார். அவள் அதை லைப்ரரியில் திருப்பிக் கொடுத்தாள். அதற்கப்புறம் ஐந்து மாதம் இருந்தார். வீட்டில் முகம் கோணவில்லை. ரசம் நன்றாயிருக்கிறது என்று எப்போதும்போல் சொன்னார். செம்பூரில் மட்டும் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அவள் கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் இயர்ஃபோனைக் கழற்றிவிட்டு, “இப்போ என்ன நினைச்சிண்டிருக்கே?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லை,” என்றாள்.

நிஜமாகவே ஒன்றுமில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நம்பவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.