பசு தொடாத பெல்லட்

உறுவையாற்றில் கஸ்தூரியின் இட்லிக் கடைக்குப் பெல்லட் அடுப்பு வந்து பத்து நாள் ஆகிறது. வாங்கச் சொல்லி நச்சரித்தவன் அவள் கணவன் அரிகரன். மரத்தூளையோ உமியையோ இறுக்கி அழுத்திச் சுண்டுவிரல் பருமனில் எடுத்த துண்டுகள்தான் பெல்லட். அடுப்பின் அடியிலிருந்து சின்ன விசிறி காற்று ஊதும். புகை வெளியே வருவதற்குள் அதுவும் எரிந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடுப்போடு வந்த உமி பெல்லட் தினமும் பாதியில் அணைந்தது. இட்லி வேகக் காத்திருந்தவர்கள் அடுத்த கடைக்கு நடந்தார்கள்.

"ஞாயித்துக்கெழம வரிக்கும் பாப்பேன்," என்றாள் கஸ்தூரி. "அப்புறம் கேஸுதான். இந்த டப்பாவ நீங்க தலகாணியா வச்சிக்குங்க."

ஞாயிறு கடை அடைத்ததும் அரிகரன் பரீட்சை வைத்தான். வில்லியனூர் வியாபாரியிடம் கடலைத்தோல், சவுக்குத்தூள் இரண்டிலும் செய்த பெல்லட் சாம்பிள் வாங்கி வைத்திருந்தான். ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ, ஒரே குண்டானில் ஐந்து லிட்டர் தண்ணீர். எத்தனை நிமிடத்தில் கொதிக்கிறது, எவ்வளவு சாம்பல் மிஞ்சுகிறது என்பதுதான் கணக்கு.

உமிக்குப் பதினெட்டு நிமிடம். சாம்பலைக் கிளறியபோது கல் மாதிரி ஒரு கட்டி வந்தது.

"பாத்தியா? உமியில மணல்சத்து ஜாஸ்தி. சூட்டுல இளகிக் கட்டியாயி, காத்து வர்ற ஓட்டைய அடைச்சிடுது. அதான் அணையுது."

"நல்ல கல்லுதான். கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்."

கடலைத்தோலுக்குப் பதினான்கு நிமிடம். சாம்பல் இரண்டு கைப்பிடி. மூன்றாவது சாக்கை அவிழ்த்துக் கொட்டினான். குபுகுபுவென்று புகை எழுந்தது.

"மொதல்ல ஈரம் போவணும்," என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"புண்ணாக்கு வறுத்தாப்ல மணக்குது. நாலு மொளவா சேத்தா இட்லிப்பொடி ஆயிடும்."

சிரித்துக்கொண்டே மாட்டுக் கொட்டகைக்குப் போனவள் அங்கிருந்து குரல் கொடுத்தாள்.

"இன்னாங்க, காலையில வச்ச தீனிய மாடு தொடவே இல்ல."

அரிகரன் தொட்டியில் கையை விட்டான். ஊறிப்போன மரத்தூள். முகர்ந்து பார்த்தான்: சவுக்கு.

அவனுக்கு எல்லாம் விளங்கியது. வியாபாரி சாம்பிளை மூட்டை கட்டாமல் உதிரியாகத்தான் கொடுத்தார். இந்த ஊரில் எதை அள்ளி வரவும் காலித் தீவனச் சாக்குதான். அவனும் அதில் கொண்டுவந்து, மாட்டுத் தீவன மூட்டைக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்திருந்தான். தீவனமும் அதே பருமனில் அதே துண்டுகள். கஸ்தூரி சவுக்கை மாட்டுக்கு ஊறவைத்தாள். அவன் தீவனத்தை அடுப்பில் போட்டான்.

"இதுல பசையே கெடையாது கஸ்தூரி. அழுத்துற சூட்டுல மரத்தோட சத்தே இளகி ஒட்டிக்குது. தண்ணி பட்டா..."

"அத மாட்டுக்கிட்ட சொல்லுங்க. பசியோட நிக்குது."

சவுக்குச் சாக்கில் நல்லவேளையாக இன்னும் ஒரு கிலோ இருந்தது. அடுப்பைத் துடைத்துப் பற்றவைத்தான். பதினோராவது நிமிடம் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. புகை இல்லை, கட்டி இல்லை, சாம்பல் ஒரு கரண்டி.

கஸ்தூரி அந்தக் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சரி, அடுப்பு இருக்கட்டும். ஆனா புது மூட்ட எறங்குனா மொதல்ல ஒரு கை மாட்டுக்குக் காட்டுங்க. அது மூஞ்சத் திருப்பிச்சின்னா அடுப்புக்கு எடுத்துக்கலாம்."